மாப்பிள்ளை ஜீப்பும் வாயில்லா ஜிபிஎஸ்ஸும்

மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த ஜீப் ஓட்டுவது லேசுப்பட்ட தொழில் இல்லை. ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எல்லாரும் பார்ப்பது டிரைவரைத்தான். தஞ்சாவூரில் வண்டியை வைத்துக்கொண்டு டெல்டா முழுக்க ஓட்டுகிறேன். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த பிறகு என் ஜீப் ஒரு அடிகூடப் பின்னால் போனதில்லை. பின்னால் போனால் அபசகுனம் என்பார்கள். எனக்கோ அது மானப் பிரச்சினை. அந்தப் பெருமைக்கு உலை வைக்க வந்ததுதான் ஜிபிஎஸ். வாடகை வண்டி ஓட்டும் சக பாவிகளே, என் பாட்டைக் கேளுங்கள்.

துண்டுக்குள் தலை

முதலில் போனையே ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தேன். அதிராம்பட்டினத்தில் ஒரு நிக்காஹ். சாயங்கால வெயில் நேராகத் திரையில் அடித்தது. கூரையில்லாத வண்டியில் நிழலுக்கு எங்கே போவது? வழி தெரியவில்லை, என் மீசைதான் தெரிந்தது. தெருமுனைக்குத் தெருமுனை நிறுத்தி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் போனைப் பார்த்தேன். பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் மாமா என் தோளைத் தட்டினார்.

"மாப்பிள்ளை முகத்துல பூச்சரம் தொங்குறது சரி. டிரைவர் முகத்துல எதுக்கு தம்பி துண்டு?"

யார் அந்தப் பொம்பளை?

அடுத்து, வெயிலிலும் பளிச்சென்று தெரியும் தனிக் கருவி வாங்கினேன். ஸ்பீக்கரும் பெரியது. திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாணம். கோயிலை வலமாகச் சுற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். கருவிக்கு வலம் தெரியுமா, இடம் தெரியுமா? குறுக்கு வழியை விட்டுவிட்டேன் என்று அதற்குக் கோபம். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து, "முடிந்தால் திரும்பிச் செல்லவும்" என்றது கணீரென்ற பெண் குரலில். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை.

"தாலி கட்டுறதுக்குள்ள எங்க புள்ளையத் திரும்பிப் போகச் சொல்றாளே, யாருங்க அவ?"

கடைக்காரர் சொன்னது

மறுபடி கடைக்குப் போனேன். வெயிலில் தெரிய வேண்டும், மழையும் பன்னீரும் பட்டால் சாகக் கூடாது, சத்தத்தை அடியோடு நிறுத்த வசதி வேண்டும் என்றேன். அவர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வெயில் மழை தாங்கணும், வழி தெரியணும், வாயத் திறக்கக் கூடாதுன்னா, அது ஜிபிஎஸ் இல்லண்ணே, வீட்டோட மாப்பிள்ளை!"

வாய்க்கால் கரை

அந்த வாயில்லாக் கருவியோடு, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் எனக்கும் புது ஊர். கருவி காட்டிய குறுக்கு வழியில் போனால், எதிரே ஒரு குறுகலான வாய்க்கால். அதன்மேல் இருந்த சின்னப் பாலத்தைப் புதிதாகக் கட்ட இடித்துப் போட்டிருந்தார்கள். கரையில் வண்டி திரும்ப இடமில்லை. பின்னால் வந்த வேன்கள் ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டன. என் கையும் கியரை நோக்கிப் போனது. இத்தனை வருஷப் பெருமை இந்த வாய்க்காலோடு போகிறதே!

எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட பெண்ணின் அப்பா எதிர்க்கரைக்கு ஓடி வந்தார். "இருங்க, ரிவர்ஸ் எடுக்காதீங்க!" என்று கத்தினார். பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை லாரியிலிருந்து இறக்கும் இரண்டு இரும்புப் பலகைகளை ஆட்களை விட்டுத் தூக்கிவந்து வாய்க்காலுக்குக் குறுக்கே போடச் சொன்னார். மாப்பிள்ளை மாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டியரிங்கை. பலகை முனகியது. திரையில் என் ஜீப் நடுத்தண்ணீரில் நின்றது. நிஜத்தில் அக்கரை ஏறிவிட்டேன். எனக்கே கல்யாணம் ஆனது போல நெஞ்சு நிமிர்ந்தது. பெண்ணின் அப்பா முதலில் என் கையைத்தான் பிடித்தார்.

"அம்மாம் பெரிய மிஷினே இந்தப் பலகையில இறங்குது, நம்ம மாப்பிள்ளை இறங்க மாட்டாரா? பின்வாங்காம வந்தீங்க பாருங்க, நீங்கதாங்க டிரைவரு!"

ஆகவே, எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அது வெயிலில் தெரிய வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, கூடவே வண்டியின் பின்னால் இரண்டு இரும்புப் பலகையும் கிடக்க வேண்டும்.