சமத்தும் சத்தமும் ஒரு டியூப் ரத்தமும்

ஊசியக்கா ஒரே பிள்ளையிடம் ஒரே நாளில் மூன்று தடவை ரத்தம் எடுத்துவிட்டாளாம். இஸ்திரிக்காரரின் வண்டியில் இந்தச் செய்தி கிளம்பியபோது மூன்று டியூப்பாகத்தான் இருந்தது. தையல்கடைக்கு வருவதற்குள் மூன்று பாட்டில் ஆகிவிட்டது. தெருமுனை சலூனில் முகத்துக்கு நுரை பூசியபடி படுத்திருந்த ஒருவர் மூன்று வாளி என்றாராம். பிள்ளைக்கு வயதே மூன்று. அந்த உடம்பில் மூன்று வாளி எங்கே இருந்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சுவையான செய்தியில் கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை.

நடந்தது வேறு. அதை உள்ளபடி சொல்லிவிடலாம், ஆனால் வாளி வராது.

முதல் விஷயம், ஊசியக்கா ஆயுளில் யாருக்கும் ஊசி போட்டதில்லை. துணி தைக்கிற ஊசியில் நூல் கோர்க்கவே அவளுக்குக் கண்ணாடி வேண்டும். அவள் வேலை நடப்பது, பேசுவது, மறுபடி நடப்பது. கொசு கடித்து மூளைக்கு ஏறுகிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது. அதற்குக் கைக்குழந்தையாக இருக்கையில் போட்ட தடுப்பூசியின் பலம் இன்னும் மிச்சம் இருக்கிறதா, பூஸ்டர் என்று இன்னொரு ஊசி போட்டால் கூடுகிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அந்த பூஸ்டர், மீதிப் பிள்ளைகளுக்கு வேறொரு தடுப்பூசி. யாருக்கு எது என்று பெற்றவர்களுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. சில வாரம் கழித்து எடுக்கிற ரத்தம்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளைச் சொன்ன கெடுவுக்குள் ரத்தம் எடுக்கிற மையத்துக்கு வரவைப்பது ஊசியக்காவின் பாடு.

இதற்கு முன் அவள் செருப்புக்கடையில் இருந்தவள். அலமாரியில் உள்ள அத்தனை பெட்டியையும் இறக்கவைத்து, கடைசியில் "நிறம் சரியில்ல" என்று எழுந்து போகிறவர்களுக்கும் சிரித்தே வழியனுப்பினவள். அந்தப் பொறுமை இந்தத் தெருவுக்குப் பாதிகூடப் போதவில்லை.

இரட்டைப் பையன்கள் இருவரையும் இதில் சேர்க்கவே அவள் எத்தனையோ தடவை அந்த மாடிப்படி ஏறினாள். ஒருவன் சமத்து. கையை நீட்டு என்றால் நீட்டுவான். இன்னொருவன் சத்தம். பூஸ்டர் போட்ட அன்று நர்சின் கட்டைவிரலைக் கடித்துவிட்டு, கடிபட்டது தான்தான் என்பதுபோல ஊரைக் கூட்டியவன். முகத்தில் இரண்டும் ஒன்றே. பிள்ளைகளின் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைப்பவள். அப்பா இரவுக் காவல். எதிர்வீட்டில் அப்பாவின் அக்கா. "என் தம்பி பிள்ளைங்க என்ன எலியா?" என்று ஆரம்பத்திலிருந்தே மல்லுக்கு நின்றவள் அவள்தான்.

அன்றுதான் ரத்தம் எடுக்கக் கடைசி நாள். காலையில் அம்மா சமத்தைக் கூட்டி வந்தாள். வேலை முடிந்தது. "சத்தம் தூங்குறான், மத்தியானம் கூட்டிட்டு வரேன்" என்று போனாள். மத்தியானம் நர்ஸ் மாறியிருந்தாள். ஊசியக்காவும் வேறொரு பிள்ளையைத் தேடி வெளியே போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது, சத்தத்தின் அட்டை மேசைமேல் இருந்தது. டியூப் நிறைந்திருந்தது. நாற்காலியில் நீல முழுக்கைச் சட்டையோடு பையன் காலாட்டிக்கொண்டிருந்தான். அழவில்லை. யாரையும் கடிக்கவும் இல்லை.

ஊசியக்கா அவன் பக்கத்தில் போனாள். மெல்ல மற்றக் கையின் சட்டையைச் சுருட்டினாள். முழங்கை மடிப்பில் காலையில் ஒட்டிய பிளாஸ்டர்.

அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"இது யாரு?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். சமத்தையே மறுபடி கூட்டிட்டு வந்திருக்க."

"அவன் வந்தா கத்துவான்க்கா. இவன் பேசாம கையக் குடுக்குறான். ரெண்டும் ஒரே வயித்துல ஒண்ணாக் கிடந்ததுதானே, ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கும்?"

"ஒருத்தனுக்குப் போட்டது அந்த ஊசியா இருக்கலாம், இன்னொருத்தனுக்கு வேற ஊசியா இருக்கலாம். எத்தனை தடவைடி சொன்னேன்! இவன் ரத்தத்த அவன் பேர்ல அனுப்பினா அதுல என்ன தெரியும்? நாளைக்கு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இத நம்பித்தானே ஊசி போடணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க?"

"நீங்க சொன்னப்போ சரின்னுதான் இருந்துச்சு. அவன் கத்துனப்போ மறந்துபோச்சு."

ஊசியக்கா நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சமத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயமில்ல, கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும்" என்றார். டியூப் குப்பைக்குப் போனது. "சாயங்காலம் வண்டி கிளம்பறதுக்குள்ள அந்தப் பையன் வந்தா உண்டு. இல்லன்னா அவன் கணக்குல கிடையாது" என்று முடித்தார்.

சமத்தை நர்சிடம் விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். இடி விழுந்தாலும் எழாத அப்பாவின் பக்கத்தில் சத்தம் பனியனோடு தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனைத் தூக்கிப் படியிறங்கினாள். வாசலைத் தாண்டும்போது அவன் விழித்தான். ஊசியக்காவின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், சைரன் ஆரம்பித்தது.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார். எதிர்வீட்டு மாடியில் நாத்தனார்.

"காலைல கூட்டிட்டுப் போனே, மத்தியானம் கூட்டிட்டுப் போனே, மறுபடியுமா? சட்டையக்கூட உருவிட்டீங்களா! ஐயோ, ரெண்டு தடவையும் கத்தாம வந்த சமத்தே இப்படிக் கத்துறான்னா என்ன பாடு படுத்தியிருப்பீங்க!"

அவள் இறங்கி வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"இது சமத்து இல்லம்மா, சத்தம்" என்றாள் ஊசியக்கா. "கையப் பாருங்க, பிளாஸ்டர் இருக்கா?"

"உரிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் தையல்காரர், யாரும் கேட்காமலே.

"அப்ப பெத்தவளக் கேளுங்க."

நாத்தனார் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். "சொல்லுடி. இவன் யாரு?"

சத்தம் என்று சொன்னால், அப்புறம் சமத்தை எதற்கு இரண்டு தடவை கூட்டிப் போனாய் என்று அடுத்த கேள்வி வரும். ஒரே பிள்ளையை இரண்டு தடவை குத்தவைத்தாய் என்று ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள். பட்டன் தைக்கிறவள் வாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லும்மா" என்றாள் ஊசியக்கா. கெஞ்சலாகத்தான் ஆரம்பித்தாள், முடியும்போது அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். "நான் திட்டல, ஒண்ணும் பண்ணல. வண்டி கிளம்பிடும். இவன் யாருன்னு மட்டும் சொல்லு."

அம்மா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிள்ளை அவள் தோளில் கத்திக்கொண்டே இருந்தது.

பெற்றவள் சம்மதம் இல்லாமல் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அது இந்த வேலையின் முதல் சட்டம், அதை அந்த வீட்டுக்குப் படித்துச் சொன்னதே ஊசியக்காதான்.

"சரி. கூட்டத்துக்காகச் சொல்லாத. எனக்குச் சொல்லு. ரத்தம் குடுக்குறியா, வேணாமா?"

"வேணாம்க்கா."

நாத்தனார் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். அதைப் பார்த்தாவது இவன் யார் என்று யாருக்காவது புரிந்திருக்கலாம். தெரு வேறு வேலையாக இருந்தது. இன்னும் இரண்டு வீட்டில் அப்போதே, "எங்க பிள்ளை பேரையும் எடுத்துடுங்க" என்றார்கள். ஊசியக்கா மையத்துக்குப் போனபோது ரத்தப்பெட்டி வண்டி தெருவைத் திரும்பிக்கொண்டிருந்தது. சமத்து மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினான். அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாசலிலேயே அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா ஏதோ சொல்ல வந்தாள். இவள் நிற்கவில்லை.

வீட்டில் அவள் புருஷன், சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர், சலூனுக்குப் போய்விட்டு வந்து வழவழவென்று உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி, ஒரே பிள்ளைகிட்ட மூணு தடவை எடுத்தியாமே? வாளியெல்லாம் கொண்டு போனியாம். நம்ம வீட்டு வாளியா?"

ஊசியக்கா செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

"மூணு இல்ல, ரெண்டு. எடுத்தது நான் இல்ல, நர்சு. எவன்கிட்ட எடுக்கணுமோ அவன்கிட்ட ஒரு தடவைகூட எடுக்கல. போ, சலூன்ல போய் இதச் சொல்லு!"