தொட்டிக்கு எட்டு மணி நேரம்

என் சின்ன நாத்தனாரின் மூத்த மகளை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாவி என்றுதான். பல் டாக்டரின் ஆஸ்பத்திரியைக் காலை ஒன்பதுக்குத் திறப்பதும் இரவு ஒன்பதுக்குப் பூட்டுவதும் அவள்தான். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். தரைக்குக் கீழே இருக்கிற அறை, ஜன்னல் கிடையாது. வெளியே மழையா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அங்கே அவள் கண்ணுக்கு இருந்த ஒரே பச்சை, மேஜைக்குப் பக்கத்து மீன் தொட்டி. அதில் அவள் நட்ட செடிகள் மஞ்சளடித்து உதிர்ந்தன. பழைய நீல விளக்கு மீனைப் பளபளவென்று காட்டுமே தவிர, செடிக்குச் சோறு போடாது என்று யாரோ சொன்னார்கள். கடையிலேயே பெரிய வெள்ளை விளக்காகப் பார்த்து வாங்கி மாட்டினாள். தான் இருக்கிற வரை எரியட்டும் என்று பன்னிரண்டு மணி நேரமும் போட்டுவைத்தாள். மூன்றே வாரத்தில் கண்ணாடியெல்லாம் பாசி; இலைகளில் பச்சை நூல்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "உள்ள அழுக்குப் பல்லு, வெளியில வந்தா பாசியா? ஒரு மாசம் தர்றேன். தெளியலேன்னா தூக்கிட்டு டிவி வெச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு, அதை வாங்கின கடைக்காரரிடம் ஓடினாள்.

"ஏம்மா, இது தொட்டிக்கு வாங்கினதா, மைதானத்துக்கா?" என்று சிரித்தார் அவர். "உங்களுது நிழல்ல வளர்ற செடி. சின்ன வெள்ளை விளக்கு போதும். எட்டு மணி நேரம், அதுக்கு மேல கூடாது."

"ஒன்பது வரைக்கும் ஆள் வருவாங்களே. இருட்டா கெடந்தா டாக்டர் திட்டுவாரு."

"மத்தியானம் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அணைச்சிடுங்க. டைமர் மாட்டினா தானே அணையும், தானே எரியும். செடியும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

அப்படியே செய்தாள். நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்தாள். மாசம் முடிவதற்குள் தண்ணீர் தெளிந்தது. டிவி வரவில்லை.

போன வாரம் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டக்கென்று தொட்டி இருண்டது.

"மணி ஒண்ணு அத்தை. அவங்களுக்கு லீவு விட்டாச்சு," என்று மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள் சாவி.

"உனக்கு?"

தலைக்கு மேல் எரிந்த டியூப் லைட்டைக் காட்டினாள். "இதுக்கு யாரு டைமர் மாட்டுறது?"

ஃபோன் அடித்தது. சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.