மாற்று ஆள்

1986, ஆகஸ்ட். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் ஏல நிறுவனத்துக்கு மையக் கணிப்பொறி அமைக்க விவரம் சேகரிக்கச் சென்றேன். முதலாளி என்னைத் தலைமைக் கணக்கரிடம் அனுப்பினார். அரை மணி நேரத்தில் பேச்சு முறிந்தது.

கணக்கர் ஒல்லியானவர், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். ஏலக்காயை முன்பற்களால் பிளந்து, தோலை என் காகிதத்தின் மேலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏல நாளில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கணிப்பொறியில் வேலை செய்வார்கள்?” என்று கேட்டேன்.

“எத்தனை பேர வீட்டுக்கு அனுப்பப் போறீக? அத மொதல்ல சொல்லுங்க.”

அவருக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர்களின் பேனாக்கள் சட்டென்று நின்றன.

மின்சாரம் போனால் பேட்டரி, டிஸ்க் பழுதானால் மாற்று டிஸ்க் என்று விளக்கினேன்.

“மெஷினே படுத்துக்கிட்டா?”

“மதுரையிலிருந்து என் மகன் வருவான். அவனுக்கும் இதுதான் தொழில்” என்று சொல்லி, என் காகிதத்தில் ‘பழுதானால் வருபவர்’ என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினேன்.

“எல்லாத்துக்கும் மாத்து வச்சிருக்கீகளே சார், மகனுக்கு மாத்து யாரு?”

எழுத்தர்கள் சிரித்தார்கள். தோல்களை உதறிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்தக் கார்த்திகையில் மகன் இறந்தான். அந்த மனிதரை நான் இன்றும் வெறுக்கிறேன். ஆனால் அவர் கேட்டது, அந்த வேலைக்குத் தேவையான கேள்விதான்.

செய்யாமல் விட்டவை:
ஏல நாளில் கணிப்பொறி தாங்க வேண்டிய உச்சப் பளுவைக் கணக்கிடுவது.
முதலாளிக்கு அறிக்கை அனுப்புவது.
‘பழுதானால் வருபவர்’ என்ற இடத்தில் மகன் பெயரை அடித்துவிட்டு, வேறொரு பெயரை எழுதுவது.