கைப்பையில் ஒரு மரத்துண்டு

"கட்டில் இரும்பா, மரமா?"

லாட்ஜுக்குப் போன் செய்யும்போது கண்ணாடியக்கா கேட்கும் முதல் கேள்வி இது. வாடகை, வெந்நீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் அப்புறம். இரும்பு என்று பதில் வந்தால், கால்களைத் தரையோடு முடுக்கியிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. இந்த அம்மாள் எதற்காக அறை எடுக்கிறார் என்று எதிர்முனையில் இருப்பவர் திருதிருவென்று விழிப்பது பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியும். அக்கா விளக்கம் சொல்ல மாட்டார். "சும்மாதான், கேட்டு வெச்சுக்கறேன்" என்று முடித்துவிடுவார்.

எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்திரண்டு. கண் பார்ப்பதிலிருந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது வரை எல்லாம் அவரேதான். கோணல் கண்ணாடியோடு யாராவது எதிரே வந்துவிட்டால் அவருக்குக் கை பரபரக்கும். முன்பின் தெரியாதவர் என்றாலும் நிறுத்தி, முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கையாலும் காதுக்கம்பியை நிமிர்த்தி, மாட்டிவிட்டுத்தான் அனுப்புவார். என் கண்ணாடியை அவர் நிமிர்த்தாத வாரம் கிடையாது. நான் அதைத் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறேன் என்பது அவருடைய தீராத புகார்.

இவரிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. இயந்திரம் ஒன்று வானத்தில் களிமண் தட்டுகளை வீசும். அவை கீழே விழுவதற்குள் சுட்டு நொறுக்க வேண்டும். அந்தப் போட்டியில் இருபது வருஷமாகச் சுடுகிறார். வாங்கிய பதக்கங்கள் பழைய ஃபிரேம்களோடு ஒரே டப்பாவில் கிடக்கின்றன. துப்பாக்கிக்கு மட்டும் வீட்டில் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டி. அதன் சாவி எங்கே இருக்கும் என்பது அவர் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவரும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதில்லை.

தொல்லையெல்லாம் வெளியூரில் இரவு தங்க வேண்டி வரும்போதுதான். வழக்கமாகத் துணைக்குப் போகும் வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் முழங்கால் மக்கர் செய்தது. வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூட்டிப்போனார். காரில் ஏறுமுன்பே சட்டதிட்டங்கள் வந்துவிட்டன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. தோட்டா ஒரு பெட்டியில், துப்பாக்கி இன்னொன்றில். ஒரே சாவி இரண்டையும் திறக்கக் கூடாது. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் நான் குடித்து வந்த பிறகு அவர் போனார். துப்பாக்கிப் பெட்டிக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்திருக்கிறார். அதைப் பார்த்த டீக்கடைக்காரர் என்ன வாத்தியம் என்று விசாரித்தார். "சுமாரா வாசிப்பேன்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக் கூட இல்லாமல்.

இத்தனைக்கும் மேலே அந்தக் கைப்பை. துப்பாக்கியின் குழலுக்கு அடியில் இடக்கை பிடிக்கும் மரத்துண்டு ஒன்று உண்டு. அதைக் கழற்றிவிட்டால் குழல் நிலைக்காது, துப்பாக்கி வெறும் இரும்பும் கட்டையும்தான். வெளியூரில் துப்பாக்கியைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டினாலும், இந்தத் துண்டைக் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். பை அக்குளை விட்டு இறங்காது. சாப்பிடும்போது மடியில் இருக்கும். பரிசு வாங்கும் போட்டோக்களில் கோப்பை ஒரு கையில், கைப்பை மறு கையில். பயணத்தில் என் கண்ணாடி கோணிக் கிடந்தபோது பையைப் பிடித்த கையோடு அவரால் பார்க்கத்தான் முடிந்தது. "வீட்டுக்குப் போனதும் ஞாபகப்படுத்துங்க" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். போட்டி மைதானத்திலிருந்து இருபது நிமிஷத்தில் அவருடைய கூடப் பிறந்த தங்கை வீடு. பிறந்த வீட்டு உறவென்று சொல்ல அக்காவுக்கு அந்தத் தங்கையை விட்டால் ஆள் இல்லை. பிறகு எதற்கு லாட்ஜும் இரும்புக் கட்டிலும்? போகும் வழியில் கேட்டேவிட்டேன்.

சாலையைப் பார்த்து ஓட்டியபடியே சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்பு வரை தங்கை வீட்டில்தான் தங்குவாராம். அப்போது பெட்டிக்கு நம்பர் பூட்டு. மறக்காமல் இருக்கட்டும் என்று தங்கை மகளின் பிறந்த தேதியையும் மாசத்தையும் நம்பராக வைத்திருந்தார். குழந்தைக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் பிறந்த தேதியைச் சொல்லக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அக்கா முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், பெட்டி திறந்து கிடக்கிறது. குழந்தை குழலைத் தூக்கி ஒரு கண்ணில் வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"தோட்டா கார்ல இருந்துச்சு. ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா அம்மாகிட்ட சொல்லாதேன்னு அவகிட்ட சொன்னேன் பாருங்க, அதான் இன்னும் அறுக்குது."

தங்கை வீட்டில் தங்குவதை அன்றைக்கு விட்டவர்தான். ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு. பதக்கம் வாங்க ஆரம்பித்ததும் அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். போன வாரம் நேராகவே சொல்லியிருக்கிறாள், இந்தத் தடவையும் லாட்ஜ் என்றால் இனி அக்கா என்று ஒருத்தி எனக்கு இல்லை என்று. அவள் சொன்னால் செய்பவள் என்றார் அக்கா. எனக்குப் பாவமாகிவிட்டது. ஆனாலும் அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவைத்தேனே, அதைத்தான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன்.

அன்று இருபத்தைந்து தட்டுக்குப் பதினாறைத்தான் சுட்டார். அவர் கணக்குக்கு அது படுமோசம். சாயங்காலம் கார் லாட்ஜ் பக்கம் திரும்பவில்லை.

தங்கை வீட்டுக் கூடத்தில் அக்கா உட்காரவில்லை. தோளில் பெட்டி, அக்குளில் பை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நம்பர் பூட்டு, ஜன்னல், குழந்தையின் வாயை அடைத்தது, ஒன்றையும் விடவில்லை. பதினாலு வயதாகிவிட்ட அந்தப் பெண் உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கே இவ சொல்லிட்டா. நீ எப்ப சொல்லுவேன்னுதான் எட்டு வருஷமா பாத்துட்டிருந்தேன்."

தங்கை அக்காவை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். படுக்கையறைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய ஓர் இரும்புப் பீரோ. அதில் ஒரு பக்கம் துணிமணியெல்லாம் எடுத்துக் காலியாகக் கிடந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பீரோவை இரண்டு தடவை பலமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பின்னால் குனிந்து போல்ட்டுகளை எண்ணினார். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை சாவி என்று அக்கா கேட்க, இரண்டு என்று சொல்லி இரண்டையும் அவர் கையிலேயே வைத்தாள்.

துப்பாக்கி உள்ளே போனது, பீரோ பூட்டப்பட்டது. அக்கா கைப்பையைத் திறந்து மஞ்சள் துணிச் சுருளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். எங்க வெக்கிறேன்னு எங்கிட்டகூட சொல்லாதே."

தங்கை அது என்னவென்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வேறொரு அறைக்குள் போனாள். ஏதோ ஒரு டிராயர் திறந்து மூடும் சத்தமும் பூட்டும் சத்தமும் கேட்டன. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் அக்காவின் கை பையை மடிக்கு இழுத்தது. பிறகு எழுந்து போய் அதைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். திரும்பி வந்தவர், உள்வாசலில் இன்னும் தயங்கி நின்ற பெண்ணைப் பக்கத்தில் இழுத்து, அவள் மூக்கில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கையாலும் மெதுவாக நிமிர்த்தத் தொடங்கினார்.