சேர்த்து வைத்த வாரங்கள்

விற்பனைக்கு என்று இணையத்தில் போட்ட அன்று சாயங்காலமே முதல் போன் வந்தது. பேசியவர் பேரையும் சொல்லவில்லை, ஊரையும் சொல்லவில்லை. "பழைய பிளானா சார், புது பிளானா?" என்றார். பழைய பிளான் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். "அப்போ வேணாம் சார்" என்று வைத்துவிட்டார். இரண்டாவது போனும் அப்படியே. மூன்றாவது ஆள் கொஞ்சம் பொறுமைசாலி. "பழைய பிளான் சலுகையெல்லாம் உங்களோட சரி சார். வாங்குறவனுக்கு வராது. கம்பெனிக்காரன் ரூல மாத்திட்டான்ல" என்று எனக்கே விளக்கினார். என் பொருளைப் பற்றி ஊரே எனக்குப் பாடம் எடுக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

நான் விற்கப் போட்டது வீடோ மனையோ இல்லை. ஒரு விடுமுறைக் கிளப்பின் உறுப்பினர் உரிமை. முதலில் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு, வருடம் ஒரு வாரம், அவர்களுடைய ரிசார்ட் ஏதாவது ஒன்றில் போய்த் தங்கலாம். கரையான்சாவடியில் தீபாவளிக்குத் துணி எடுத்தபோது கடை வாசலில் ஒரு பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டோம். பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். பரிசு ஒரு ஹாட்பாக். அதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஏசி ஹாலில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் மலைகளையும் கடற்கரைகளையும் படம் காட்டினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தர ஆய்வாளராக முப்பது வருடம் இருந்தவன் நான். அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு ஒரு குறையும் என் கண்ணில் படவில்லை.

என் மனைவிதான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒரு வருசம் போவ முடியலன்னா இன்னா ஆவும்?"

படம் காட்டிய பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். "போகாத வாரம் எங்கேயும் போகாது மேடம். அது பாட்டுக்குச் சேர்ந்துகிட்டே இருக்கும். சேர்ந்த வாரங்களை ஒரே சமயத்துல நாலு ரூம், அஞ்சு ரூம்னுகூட எடுத்துக்கலாம்."

சேரும் என்ற சொல்லைக் கேட்டதும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. இவளைத் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமே இல்லை. பீரோவில் மடிப்பு கலையாத புடவை அரை டஜன் இருக்கும், கட்டுவது பழசைத்தான். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் இன்னும் பரண்மேல் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. நல்லது எதுவாக இருந்தாலும் முதலில் எடுத்து வைக்கவேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நினைப்போடுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

ஒரே ஒரு தடவை போனோம். வாங்கின முதல் வருடம், கொடைக்கானல். மகளுக்கு அப்போது கல்லூரியில் பரீட்சை, ஹாஸ்டலில் இருந்தாள். அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. மலையில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பார்த்தது இவளைத்தான். ரூமிலேயே ஒரு சின்ன சமையல் மேடை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருந்தது. முதல் நாள் போனதும் போகாததுமாக இவள் அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தாள். "கையை வெச்சே, நான் ஊட்டுக்குக் கெளம்பிடுவேன்" என்றேன். காலை டிபன் இலவசம், உறுப்பினர்களுக்கு அது ஒரு சலுகை. மறுநாள் காலையில் கண் விழிக்கும்போதே இவள் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள், "இன்னிக்கு இன்னா டிபன்?" என்று. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான்தான் கேட்டிருக்கிறேன், மகள் கேட்டிருக்கிறாள். இவள் வாயிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். ஆறு நாளும் கேட்டாள்.

புடவைமேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலில் மகளுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். கை இரண்டும் சும்மா மடியில் கிடக்கும். கீரை ஆய்வதோ பூண்டு உரிப்பதோ எதுவும் இல்லாமல் சும்மா இருக்கிற இவள் கையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னைக் கிண்டல் செய்தாள், தூங்கினாள், சத்தமாகச் சிரித்தாள். திருவேற்காட்டுக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தோம். இவள் நேராகப் போய் மோட்டார் போட்டாள். அவ்வளவுதான், அந்தப் பொம்பளை போய்விட்டாள். இத்தனை வருடமாக நான் ஏங்குவது அவளுக்காகத்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, இவளுக்காகவே ஏங்குவதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

அடுத்த வருடம் போகலாமா என்று கேட்டேன். "மகளுக்கு மாப்ள பாக்கசொல்ல மலைக்கா" என்றாள். அதற்கடுத்த வருடம் கல்யாணம். அப்புறம் பிரசவம். அப்புறம் பேரனுக்குப் பல் முளைக்கிறது. எதுவும் இல்லாத வருடத்தில், "இருக்கட்டும், சேரட்டும். எல்லாரும் ஒண்ணா சேந்து போலாம்" என்பாள். எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்டதில்லை. தட்டிக்கழிக்க ஒரு வார்த்தை என்றுதான் நினைத்தேன். வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைதான் இல்லை, தண்ணீரையாவது பார்க்கட்டும் என்று இவளை வண்டியில் உட்காரவைத்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். ஏரி நிறைந்திருந்தது, நல்ல காற்று. கரைமேல் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாவு பொங்கி வழிந்துவிடும் என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆற்றாமை கொஞ்சநஞ்சமில்லை.

அதன் பிறகுதான் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. செல்போன் ஆப்பில் ஒரு நீளமான அறிவிப்பு. மேலே உறுப்பினர்களின் நன்மைக்காக என்று போட்டு, கீழே ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார்கள். இலவச டிபன் கிடையாது. ஒரு சமயத்தில் ஒரு ரூம்தான். உறுப்பினர் தம்பதியைத் தவிர யார் வந்தாலும் தலைக்குத் தனிக் கட்டணம். சேர்த்து வைத்த வாரங்களை வருகிற மார்ச்சுக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. கைமாற்றி விற்றால், வாங்குகிறவருக்கு ஒரே ஒரு ரிசார்ட்தான், அதுவும் எதுவென்று கம்பெனி சொல்லும். எங்கள் கணக்கில் ஏழு வாரம் இருந்தது.

இவளிடம் படித்துக் காட்டினேன். ஒரு ரூம்தான் என்ற இடத்தில், "திருப்பிப் படிங்க" என்றாள். திருப்பிப் படித்தேன். எழுந்து உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழு வருடம் கெஞ்சியிருக்கிறேன், ஒரு வார்த்தை வருத்தப்படவில்லையே. போதும், வித்துத் தலைமுழுகிடலாம் என்று அன்றைக்கே போட்டோ எடுத்து விளம்பரம் போட்டேன். போன் செய்த ஒருவரும் இரண்டு நிமிடம் தாண்டவில்லை. அறிவிப்பு வருவதற்கு முன்னால் இதே உரிமைக்குப் போட்டி போட்டு வாங்கினார்களாம், சேர்ந்த வாரங்களுக்காகவே. இப்போது சும்மா கொடுத்தாலும் யோசிக்கிறார்கள்.

நேரில் வந்தவர் ஒருவர்தான். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய். நாற்பது வயதிருக்கும், நிதானமான ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்து, எல்லாக் காகிதத்தையும் வரிவரியாகப் படித்தார். இவள் டீ கொண்டுவந்து வைத்தாள். பாய் காகிதத்தை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கடையில மெத்தைக்கு வாரண்டி கார்டு குடுக்கிறோம். அது வாங்குனவர் பேர்லதான் செல்லும். அவர் அந்த மெத்தய இன்னொருத்தருக்கு வித்தா, மெத்த போவும், வாரண்டி போவாது. உங்களுது எப்படின்னா, இதுல மெத்தயே இல்ல. வாரண்டி மட்டும்தான் கீது. உங்க கையில இருக்கறவரைக்கும்தான் இதுக்கு வெல."

நியாயமான பேச்சு. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர் டீயைக் குடித்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டார். "ஏழு வாரம் அப்படியே கெடக்கு. ஒரே ஒரு தபாதான் போயிருக்கீங்க. எடம் சரியில்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து இவள் குரல் வந்தது.

"எடம் ரொம்ப நல்லா இருக்கும் தம்பி. ரெண்டாவது மாடி. கதவத் தொறந்தா பால்கனி, ரெண்டு பிரம்பு நாற்காலி. காலைல ஆறு மணிக்கு எதுர்ல ஒண்ணுமே தெரியாது, எல்லாம் வெள்ளையா இருக்கும். ஏழரைக்கு மேல ஒவ்வொரு மரமா வரும். அப்பறம் ஒரு தகரக் கூர வரும். அந்த ஊட்ல ஒரு பொம்பள துணி காயப்போடுவா. வெயிலே இருக்காது, ஆனா தெனம் காயப்போடுவா. எட்டு மணிக்கு டிபன். மொத நாளு பூரி, அடுத்த நாளு ரவா இட்லி, மூணாவது நாளு பொங்கல், கொஞ்சம் உப்பு கம்மி." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த ஒரு வாரம் சாப்பாடு ஆச்சான்னு என்ன ஒருத்தரும் கேக்கல தம்பி. நான்தான் கேட்டேன்."

நான் திரும்பி இவளைப் பார்த்தேன். பூரி எனக்கு ஞாபகம் இருந்தது. துணி காயப்போட்ட பெண்ணை நான் பார்க்கவே இல்லை.

"அப்பறம் ஏன்க்கா போவல?" என்றார் பாய்.

இவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஈரமே இல்லாத கையை.

"போய்ட்டு வந்த மாசம் இவரு அக்கா ஊட்ல ஒரு சீமந்தம். நான் பந்தியில பரிமாறிகினு கீறேன். இவரு அக்கா எல்லார் எதுர்லயும் கேட்டாங்க, ரெண்டு பேரு மட்டும் ஜாலியா போய்ட்டு வந்தீங்களாமே, எங்க மூஞ்செல்லாம் ஞாபகம் வரலியான்னு. எங்க அண்ணியும் சிரிச்சாங்க. நான் சாம்பார் வாளியோட நின்னேன்." பாயைப் பார்த்துச் சொன்னாலும் எனக்குத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. "இவரு பக்கம் மூணு ஊடு, எங்க பக்கம் நாலு ஊடு. ஏழு வாரம் சேந்தா ஏழு ரூம். ஒரு தபா எல்லாரையும் கூட்டிகினு போய்ட்டு வந்துட்டா அப்பறம் ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. அதுக்கப்பறம் நாங்க ரெண்டு பேரும் வருசா வருசம் போய்க்கலாம்னு நெனச்சேன்."

இவளுக்கு ஆசையே இல்லை என்று இத்தனை வருடம் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இவளோ எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் கிடைப்பதற்காக, ஏழு வீட்டுக்கும் முதலில் ஒவ்வொரு வாரமாகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வருடத்தோடு ஏழு ஆகிவிட்டது. ரூல் மாறியதும் இந்த வருடம்தான்.

பாய் தம்ளரைக் கீழே வைத்தார். "போய்ட்டு வாங்கக்கா" என்று எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "விளம்பரத்த எடுத்துடுங்கண்ணே" என்றார்.

அவர் போனதும் ஆப்பைத் திறந்தேன். இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எங்களைப் போலச் சேர்த்து வைத்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருந்தார்களோ, மார்ச்சுக்கு முன்னால் அத்தனை பேரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் நிரம்பியிருந்தது. ஜனவரி நிரம்பியிருந்தது. வேறு ரிசார்ட்டில் இடம் இருந்தது, கடலோரம் ஒன்று, காட்டுப் பக்கம் ஒன்று. "அங்க இல்ல" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினேன். ஒரு மணி நேரம் கழித்து, பிப்ரவரியில், வாரத்தின் நடுவில், யாரோ ரத்து செய்த ஒரு ரூம் கிடைத்தது.

"மூணு நாள்தான் கீது" என்றேன். "மிச்சம் எல்லாம் போயிடும்."

இவள் குனிந்து திரையைப் பார்த்தாள். சரி, வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். திரையில் அடுத்த கட்டம் வந்தது. தங்குபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. என் விரல் அங்கேயே நின்றது. மகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான், ஏழு வீடு இருக்கிறது.

"ரெண்டு பேர்னு போடுங்க" என்றாள் இவள். "உங்கக்கா கேட்டா, ஆமா, நாங்க ரெண்டு பேரும்தான் போனோம்னு நானே சொல்லிக்கிறேன்."