ஹனா, துல், செத்: ஓர் உதை மாஸ்டரின் எண்ணிக்கை

உதைக்கக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்குக் கால் தேய்வதைவிடத் தொண்டை தேய்வதுதான் அதிகம். டிரில் மாஸ்டர்களே, நாட்டிய டீச்சர்களே, உங்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். எங்கள் டேக்வாண்டோவில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. எண்ணுவதைக் கொரிய மொழியில் எண்ண வேண்டும். ஹனா, துல், செத், நெத், தசொத் என்று பத்து வரை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி ஹாலில் தினமும் சாயங்காலம் நான் போடுகிற சத்தம் இதுதான்.

எட்டு எங்கே?

எதிர்வீட்டில் ஒரு மாமா. சந்தியாவந்தன நேரத்தில் இப்படிக் கூச்சல் போடுகிறோமே, என்றைக்காவது சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் வந்தேவிட்டார். மூச்சிரைக்கப் படியேறி வந்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கையமர்த்தினார்.

அன்று நான் அவசரத்தில் ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவியிருக்கிறேன். உதைத்துக்கொண்டிருந்த இருபது பேரும் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டே மனிதர் பத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறார்! “யொதொலை முழுங்கிட்டேளே மாஸ்டர். எட்டெழுத்து ஓதற ஊர்ல எட்டை விடலாமோ?” என்றார்.

மலைக்கோட்டைக் கணக்கு

செல்வராஜ் சார் திருவெறும்பூர்க்காரர், தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் உதைக்க வந்துவிட்டார். எண்கள் மனசில் நிற்கவேண்டும் என்று மலைக்கோட்டைப் படிகளைக் கொரிய மொழியிலேயே எண்ணிக்கொண்டு ஏறினாராம். உச்சிப் பிள்ளையார் வரைக்கும்! அறுபது வயசுக்கு மூச்சு வாங்கவில்லையா என்று கேட்டேன். “பத்து முடிஞ்சா திரும்ப ஹனாதானுங்க. பத்தே படி ஏறுறவனுக்கு எதுக்கு மாஸ்டர் மூச்சு வாங்கணும்?”

குறுக்கே பேசிய வாய்

என் வகுப்பில் ஒரு வழக்கம். தினம் ஒருவர் முன்னால் வந்து எண்ணுவார். மற்றவர்கள் முழங்காலை மடக்கித் தூக்கி நிற்க வேண்டும். எண் காதில் விழுந்தால்தான் உதை, அதுவரை கால் கீழே இறங்கக்கூடாது.

மெஹருன்னிசா முறை வந்தது. பழைய டவுனில் தையல் கடை வைத்திருப்பவர், நாற்பது வயசு, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வருவார். உதையில் சூரர். ஆனால் பேச்சு திக்கும். நெத் வரை வந்தார், தசொத்தில் நின்றுபோனது. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. “தசொத்!” என்று நானே கத்திவிட்டேன். எல்லோரும் உதைத்தார்கள். அவர் மட்டும் வரிசைக்குத் திரும்பிப் போனார்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, நேரம் எடுத்துக்கொண்டுதான் சொன்னார்: “தெரியாம நிக்கலைங்க மாஸ்டர். வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.” எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மஞ்சள் பெல்ட்

மஞ்சள் பெல்ட் வாங்க எல்லோர் முன்னாலும் பத்து வரை எண்ணியாக வேண்டும். போன தடவை மெஹருன்னிசா காய்ச்சல் என்று வரவில்லை. காய்ச்சல் இல்லை என்று எனக்கும் தெரியும். இந்தத் தடவையும் முடியாவிட்டால் வகுப்பையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரிடம் சொல்லி எண்ணுவதிலிருந்து விலக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். எண்ணாத பெல்ட் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

ஹனா வந்தது. துல் கொஞ்சம் தடுமாறி வந்தது. செத், நெத். வரிசை முழுக்க முழங்காலைத் தூக்கி நின்றது. தசொத் வரவில்லை. அவர் உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. தேர்வாளர் பேனாவைத் திறந்தார். செல்வராஜ் சாருக்கு வியர்வை ஆறாக ஓடியது, தூக்கிய கால் வெடவெடவென்று நடுங்கியது. சின்னக் குழந்தைகள்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“த... தசொத்!”

அத்தனை காலும் ஒன்றாகப் பாய்ந்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அதற்கப்புறம் பத்து வரை அவர் திக்கினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கண்ணீர் கண்ணை மறைத்ததில் காதும் அடைத்துவிட்டது.

பெல்ட்டை இடுப்பில் கட்டிவிட்டபோது நிதானமாகச் சொன்னார், நான் கடைசி வரை கேட்டேன்: “வீட்லயும் கடையிலயும் என் வார்த்தைய அவங்கவங்களே முடிச்சுருவாங்க மாஸ்டர். இன்னிக்கு ஒருத்தரும் காலைக் கீழ வைக்கலைங்க.”

பதினெட்டு வருஷமாக எண்ணவும் உதைக்கவும் சொல்லிக்கொடுத்துத்தான் ஃபீஸ் வாங்குகிறேன், அடுத்தவருக்காகக் காத்திருக்க இவர்கள் எந்த மாஸ்டரிடம் கற்றார்கள் என்று தெரிந்தால் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன்.