தையல் இயந்திரத்தின் அருகே நின்றவர்

நடந்ததைச் சொல்லுமுன், அப்போது என் நிலை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுவது முறை. நான் வேதியியலில் பட்டம் பெற்றவன். புதுச்சேரியின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு சலவைத்தூள் ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றினேன். அவற்றில் கடைசிச் சில ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக. ஒரு நாளும் தாமதமாகச் சென்றதில்லை. அதுவரை யாருக்கும் விளக்கக் கடிதம் எழுதும் நிலைக்கு ஆளானதில்லை. உப்பளத்தில் எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் என்னை, பிரெஞ்சில் ஐயா என்று பொருள்பட, ‘முசே’ என்றுதான் அழைப்பார். அந்த மரியாதையை அவர் எல்லோருக்கும் தந்துவிடுவதில்லை.

ஆலை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. விபத்தில்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். நாள்தோறும் காலையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதியது என் கைதான். காவலாளியிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்ததே இல்லை. எண் ஆயிரத்தைத் தொட ஐந்து வாரங்களே இருந்தன. தொட்டால் ஆளுக்கொரு பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அன்றைக்குப் பேச வேண்டிய உரையை நான் எழுதி முடித்து, இருமுறை திருத்தியும் வைத்திருந்தேன்.

பேக்கிங் பகுதியில் மேஸ்திரியையும் சேர்த்து எட்டுப் பேர். தூள் நிரம்பிய ஐம்பது கிலோ மூட்டை தையல் இயந்திரத்தைக் கடந்து தரையில் வந்து விழும். ஒருவர் அதைத் தூக்கி இரண்டு எட்டு நடந்து அடுக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது நான் போட்ட அட்டவணை. இயந்திரத்தருகே நிற்பவருக்குத் தைக்கும் வேலை மட்டும்தான். மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை.

எப்படித் தூக்குவது என்பதையும் நானே கற்பித்தேன். கால்களை அகட்டி நில், முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, மூட்டையை வயிற்றோடு அணைத்து எழு, இடுப்பைத் திருப்பாதே, பாதத்தைத் திருப்பு. அந்த எட்டுப் பேரில் பலர் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். நான் முழங்கால் மடக்கிக் காட்டியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“முட்டி போட்டாச்சு சாமி. பூசைய எப்ப ஆரம்பிப்பீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். நான் பேக்கிங் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எங்கோ இரும்பின்மேல் ஸ்பேனர் தட்டும் ஓசை கேட்டது. ‘டொக், டொக்.’ உடனே முழங்கால்கள் மடங்கின. தூக்குபவர்கள் நான் கற்பித்தபடியே தூக்கினார்கள். ஒருநாள் பின்பக்கக் கதவு வழியாக ஓசையின்றி வந்து பார்த்தேன். முழங்கால் விறைத்திருக்க, முதுகு வில்லாய் வளைய, மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அங்கே கேட்ட இருமலைக்கூட நான் இருமலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நிலையில்தான் ஆலோசனைப் பெட்டியில் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. “தையல் மெஷின் மீனுக்குப் போகுது. சாருக்குக் கண்ணு தெரியலையா?” அவ்வளவுதான். கையெழுத்தை வருகைப் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட்டேன். ‘ல’கரம் மூன்று பேருடையதை ஒத்திருந்தது, மூவர்மேலும் ஐயம் கொண்டேன். ஆனால் மீன் என்ற சொல் ஒருவரையே சுட்டியது. பிள்ளைச்சாவடியிலிருந்து சைக்கிளில் வரும் ஒப்பந்தத் தொழிலாளி. வயது நாற்பதைக் கடந்தவர். கடல் தொழிலை விட்டு ஆலைக்கு வந்தவர். எட்டுப் பேரில் அகன்ற தோள் அவருடையது. மேஸ்திரிக்கு அவர் அவ்வப்போது நெத்திலி கொண்டுவந்து தருவதை நானே பார்த்திருந்தேன்.

ஒரு வாரம் கண்காணித்தேன். காலை, உச்சி, மாலை, எப்போது போனாலும் தையல் இயந்திரத்தருகே நின்றவர் அவர்தான். அட்டவணையில் மட்டும் மணிக்கொரு பெயர், மணிக்கொரு கையெழுத்து. எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்த ஒழுங்கே என் ஐயத்தை உறுதிப்படுத்தியது.

சனிக்கிழமை காலை மேஸ்திரியை அழைத்துக் கேட்டேன்.

“இந்த மணி யார் முறை?”

“அவரு முறைதான் சார். தைக்கிறாரு.”

“போன மணி?”

“அதுவும்... ஏதோ மாத்திக்கிட்டாங்க சார். இன்னா சார் இப்ப, வேலை நிக்கலையே!”

“அவரைத் தூக்கச் சொல்.”

மேஸ்திரியின் முகம் மாறியது. “நான் தூக்கறேன் சார். அவர விடுங்க.”

இந்தப் பரிவு மீனால் வந்தது என்றே நினைத்தேன். நேராக அவரிடம் சென்று, “உன் முறை. ஒரு மூட்டை தூக்கிக் காட்டு” என்றேன். அவர் மற்ற ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தார். யாரோ ஒருவர், “சார், மூட்டைய வுட்டுட்டு அவரையே தூக்கிட்டுப் போங்க, மீனாவது உங்களுக்குக் கிடைக்கும்” என்றார். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

“தூக்கணுமா சார்?”

“தூக்கு.”

அவர் தூக்கினார். கால்களை அகட்டினார், முழங்காலை மடக்கினார், முதுகு நூல் பிடித்தாற்போல் இருந்தது, மூட்டை வயிற்றோடு ஒட்டியிருந்தது. பாதத்தைத்தான் திருப்பினார், இடுப்பை அல்ல. என் பயிற்சியை அவ்வளவு பிழையின்றிச் செய்தவரை அதற்குமுன் நான் கண்டதில்லை. அடுக்கின்மேல் மூட்டையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அதன்மேலேயே சாய்ந்து நின்றார். நடிப்பு என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு அவர் கால்கள் நடுங்குவதைக் கண்டேன். இருவர் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்க வைத்தார்கள். எழுந்து உட்கார அவரால் முடியவில்லை.

மேஸ்திரி அப்போதுதான் சொன்னார்.

“ரெண்டு மாசமாவே அவருக்கு இடுப்பு போச்சு சார். சொன்னா போர்டு சைபர் ஆயிடும். எல்லாருக்கும் குக்கர் போயிடும். அவரு காண்ட்ராக்டு, கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. அதான் அவர மெஷின்ல நிறுத்திட்டு நாங்க ஏழு பேரும் அவரு முறையைப் பங்கு போட்டுக்கிட்டோம்.”

“மீன்?”

“வேணாம்னுதான் சொன்னோம். கேக்கல. சும்மா நிக்கறது அவருக்குக் கூச்சம் சார்.” பிறகு, “இப்ப இன்னும் மூணு பேருக்கு இடுப்பு புடிச்சிருக்கு” என்றார்.

அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிறகு வாசலுக்குச் சென்று பலகையை அழித்து, சுழி ஒன்றை எழுதினேன்.

மூன்றாம் நாள் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். நலம் விசாரிக்க மட்டும் போனேன் என்று சொன்னால் அது பொய். அவர் வழக்குப் போடுவாரா, யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று அறியவும்தான் போனேன். வீட்டில் வக்கீல் கடிதம் போன்ற ஏதும் கண்ணில் படுகிறதா என்று பார்த்தேன். மருந்துச் சீட்டு ஒன்றுதான் இருந்தது. அவர் பாயில் மல்லாந்து, கால்களைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். எழ முயன்றார், வேண்டாம் என்றேன்.

பிறகு அவர்தான் கேட்டார்.

“ஒண்ணு கேக்கவா சார்? மூட்டைய ஏன் தரையில போடறீங்க?”

“பின்னே எங்கே போடுவது?”

“படகு கரைக்கு வந்தா மீன் பெட்டிய நாங்க மண்ணுல வச்சுத் தூக்கறதில்ல சார். படகு விளிம்பு இடுப்பு ஒசரம் இருக்கும். அதும்மேல தள்ளி வப்பான் ஒருத்தன். நாங்க கீழ நின்னு அப்படியே நெஞ்சோட வாங்கிக்குவோம். பெரிய பெட்டின்னா கழி போட்டு ரெண்டு பேரு. எங்கப்பன் அறுபது வயசு வரைக்கும் தூக்குனாரு. நீங்க தரையில போட்டுட்டு, முட்டிய மடக்கு முட்டிய மடக்குன்னா... நாளைக்கு எத்தினி தடவ சார் மடக்கறது?”

அவர் என்னைக் கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். வலி மட்டுமே தெரிந்தது. நான் படித்த கையேடுகளில் தூக்கும் மனிதனின் படம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மூட்டை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் மேலாளர் விபத்து அறிக்கையைக் கையொப்பத்துக்காக என் மேசைக்கு அனுப்பினார். “தொழிலாளி தாமாக முன்வந்து, பயிற்சிக்கு மாறான முறையில் முதுகை வளைத்துத் தூக்கியதால்” என்று தட்டச்சாகியிருந்தது. அந்த வரி நின்றால் என் பயிற்சி பிழைக்கும். என் பெயரும் பிழைக்கும். தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுப்பும் கிடைக்காது, வேலையும் நிலைக்காது. இதை மேலாளர் எனக்கு நன்மை செய்வதாக எண்ணி எழுதினாரா, என்னைத் தம் பிடியில் வைத்துக்கொள்ள எழுதினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் அறைக்குச் சென்றேன்.

“கையெழுத்துப் போடுங்க சார், உங்களுக்கு நல்லதுதானே” என்றார்.

“முறை தவறவில்லை. நான் எதிரில் நின்றேன்.”

“அப்போ பயிற்சி தப்புன்னு ஆயிடுமே?”

“ஆகட்டும்.”

அந்த வரியை என் பேனாவால் அடித்தேன். என் ஆணையின்பேரில் தூக்கினார் என்றும், முன்பே இருந்த காயத்தை விசாரியாமல் ஆணையிட்டேன் என்றும் எழுதி, கீழே முழுப் பெயரோடு கையொப்பமிட்டேன். முதல் விளக்கக் கடிதமும் அந்த வாரமே எழுத நேர்ந்தது.

இரண்டு மாதங்களுக்குள் தையல் இயந்திரத்தின் முன்னால் இடுப்பு உயரத்தில் இரும்பு மேடை வந்தது. உருளைகளின்மேல் நகரும் மூட்டை நேராக அடுக்குக்குப் போனது. மூட்டையின் எடை இருபத்தைந்து கிலோ ஆனது. வலி என்று சொன்னால் பலகையின் எண் மாறாது என்று ஒரு சுற்றறிக்கையும் வெளியிட்டேன். அதை நம்ப அவர்களுக்கு வெகுநாள் ஆயிற்று. பிள்ளைச்சாவடிக்காரர் விடுப்பு முடிந்து தையல் இயந்திரத்துக்கே திரும்பினார். இம்முறை அட்டவணையிலும் அவர் பெயரே இருந்தது. மொட்டைக் கடிதம் எழுதியவர் யார் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. இப்போதும் அந்த மூவரில் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டால் என் பார்வை அவர் கையின்மேல்தான் போகிறது.

என் பிரிவுபசார விழாவில் பேசியவர்கள், அந்தத் தொழிலாளி அவசரத்தில் முறை தவறித் தூக்கினார் என்றும், நான் இரக்கப்பட்டுப் பழியை என்மேல் ஏற்றுக்கொண்டேன் என்றும் புகழ்ந்தார்கள். தெருப் பெரியவர் வரைக்கும் அந்தக் கதை வந்து சேர்ந்திருக்கிறது. அது உண்மையன்று. அவர் தூக்கிய முறை சரி. தூக்கச் சொன்னவன் நான்.